இரு அன்னையருக்கிடையே கசிந்த குருதி

சில ஆண்டுகளுக்கு முன் இராயபுரத்தில் எங்கள் மஹல்லாவாசி ஒருவர், துறைமுகத்தில் நெடுங்காலம் இரவுப் பணி பார்த்தவர், ஃபஜ்ர் தொழுகைக்கு உளூச் செய்துகொண்டிருந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தலையில் இடி விழுந்தாற்போல் இருக்கிறது என்பதே அவர் வாயிலிருந்து வந்த கடைசிச் சொல். பித்தம் என்றும் வாயு என்றும் வீட்டார் கருதி, சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்ததில் முற்பகல் முழுவதும் கழிந்தது. பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். மூளையைச் சுற்றிக் குருதி கசிந்திருக்கிறது என்று மருத்துவர்கள் கூறி, அறுவைச் சிகிச்சையும் செய்தனர். உயிர் தப்பிற்று; அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அடுத்து வந்த வாரங்களில் அவருக்கு இரவு பகலாகவும் பகல் இரவாகவும் மாறிப்போயின. நண்பகலில் எழுப்பினாலும் எழாத உறக்கம். நள்ளிரவில் விழித்த கண்கள்.

“ஹஜ்ரத், வாப்பா கண்ணை மூடித்தான் இருக்கிறார், ஆனால் தூங்கவில்லை. முன்னோர் கிதாபுகளில் இதற்கு ஏதாவது சொல்லியிருக்கிறார்களா?” என்று அவருடைய மகன் என்னிடம் கேட்டார். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், “எல்லாம் இப்னு ஸீனா எழுதி வைத்ததுதான்” என்று எனக்கு முந்திக்கொண்டு விடையளித்தார். அந்த விடையில் எனக்கு நிறைவு இல்லை. மருத்துவம் எனது துறையன்று. ஆயினும் மொழி எனது துறை. ஆகவே அல்கானூனின் மூன்றாம் பாகத்தைக் கையிலெடுத்தேன். தலை நோய்களில்தான் அப்பாகம் தொடங்குகிறது. அவ்வாசிப்பில் கிடைத்தவற்றையும், கிடைக்காதவற்றையும் ஈண்டு வாசகர் முன் வைக்கிறேன்.

முதலில் குருதி கசிந்த இடத்தைப் பார்ப்போம். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே மூன்று உறைகள் உள்ளன. வெளியே தடித்த உறை. மூளையை ஒட்டி மெல்லிய உறை. இரண்டுக்கும் நடுவே சிலந்தி வலையையொத்த படலம். கிரேக்கர் இவற்றில் இரண்டையே அறிந்து, தடித்தது, மெல்லியது என்று மட்டும் அழைத்தனர். அவற்றைத் ‘தாய்’ ஆக்கியது அரபு மொழி. ஒன்றைப் பொதிந்து காப்பதை, ஒன்றுக்கு மூலமாய் நிற்பதை ‘உம்மு’ என்று அழைப்பது அரபியரின் வழக்கம். மக்கா மாநகர் ‘உம்முல் குரா’ என்னும் பெயர் பெற்றதை அறியாதார் இல்லை. அவ்வழக்கப்படி மூளையின் தடித்த உறை ‘அல்உம்முல் ஜாஃபியா’ என்றும், மெல்லிய உறை ‘அல்உம்முர் ரகீகா’ என்றும் பெயர் பெற்றன.

புவைஹி மன்னர் அளுதுத் தவ்லாவுக்காக அலீ இப்னு அப்பாஸ் அல்மஜூஸி எழுதிய பெருநூலைப் பீஸா நகரத்து ஸ்டீஃபன் என்பவர் கி.பி. 1127இல் அந்தாக்கியாவில் இலத்தீனாக்கினார். இச்சொற்கள் ஐரோப்பாவுக்குச் சென்றது அத்தகைய மொழிபெயர்ப்புகளின் வழியேதான். ‘ஜாஃபியா’ என்பது ‘டூரா மேட்டர்’, அதாவது கடினத் தாய், ஆயிற்று. ‘ரகீகா’ என்னும் சொல்லுக்கு மெல்லியது என்றும் இளகிய நெஞ்சுடையது என்றும் இரு பொருள் உண்டு. உடற்கூற்றில் முதற்பொருளே கருதப்பட்டது. இலத்தீன்காரர்களோ இரண்டாம் பொருளைப் பற்றிக்கொண்டு, ‘பியா மேட்டர்’, அன்புள்ள தாய், என்றனர். இன்னும் சுவையானது, அந்தப் பிழை தாயகம் திரும்பியதுதான். இக்கால அரபு மருத்துவ நூல்களில் அவ்வுறையின் பெயர் ‘அல்உம்முல் ஹனூன்’, பரிவுள்ள தாய்! மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புக் கலையைக் கற்பிக்கும்போதெல்லாம் இச்சொல்லின் பயணத்தை எடுத்துக்காட்டுவது எனது வழக்கம்.

நடுவிலுள்ள சிலந்திவலைப் படலம் தனியுறையாக அடையாளம் காணப்பட்டுப் பெயர் பெற்றது 17ஆம் நூற்றாண்டில், ஐரோப்பாவில். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ‘அன்கபூதிய்யா’ என்ற பெயரைக் கையாண்டார் எனினும், அது கண்ணின் ஒரு படலத்துக்கு. பெயர் ஒன்றாயிருப்பதைக் கொண்டு, மூளையின் அப்படலத்தையும் அவரே கண்டறிந்தார் என்று வாதிடுவது அறிஞர்க்கு அழகன்று.

இப்படலத்துக்கும் பரிவுள்ள தாய்க்கும் இடையே தெளிந்த நீர் ஓடும் ஓர் இடைவெளி இருக்கிறது. மூளையின் பெரிய தமனிகள் அந்நீரில் தோய்ந்தபடியே செல்கின்றன. தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, கொப்புளம்போல் புடைத்து, ஒருநாள் வெடித்துவிட்டால் குருதி அந்நீரில் பாய்கிறது. பக்கவாத வகைகளில் இது ஏறத்தாழ 20இல் ஒரு பங்குதான். ஆனால் கொடியது, பத்தில் ஒருவர்க்கும் மேல் மருத்துவமனையை எட்டுமுன்பே மரணமடைகின்றனர். உயர் இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் இதற்கு முதன்மைக் காரணிகள். எச்சரிக்கை என்று பெரும்பாலும் கிடைப்பது, நொடிப்பொழுதில் உச்சத்தைத் தொடும் அந்தத் தலைவலி ஒன்றே. அதற்குக் கஷாயம் மருந்தன்று.

இப்னு ஸீனா (ஹி. 370–428, கி.பி. 980–1037) இதை அறிந்திருந்தாரா? அவர் ‘ஸக்தா’ என்று ஒரு நோயை விரித்துரைக்கிறார். ஸக்தா எனின் வாயடைத்துப்போதல், மௌனமாதல். மூச்சு ஒன்று நீங்கலாக உணர்வும் அசைவும் முற்றாக நின்றுவிடுவது அதன் இலக்கணம். ஆனால் அவர் கூறும் காரணம் அடைப்பு. மூளையின் அறைகளிலும் ரூஹ் செல்லும் பாதைகளிலும் கபமோ மிகுகுருதியோ நிறைந்து வழியை அடைத்துவிடுகிறது என்பது அவரது கருத்து; ஆதலால் குருதி மிகுந்த வகைக்கு நரம்பைக் கீறிக் குருதி வெளியேற்றுவதே அவர் கூறும் மருத்துவம். தமனி வெடித்து மூளையின் மேற்பரப்பில் குருதி பரவுகிறது என்னும் செய்தியை அவரிடம் நான் காணவில்லை. அதைக் கண்டவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வெப்ஃபர். ஸக்தாவில் இறந்தோரின் தலைகளை அறுத்துப் பார்த்து, குருதி நாளத்துக்கு வெளியே கொட்டிக் கிடப்பதை 1658இல் அவர் எழுதினார். ஆறாண்டுகள் கழித்து இங்கிலாந்தின் வில்லிஸ், மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று கூடி வளையமாக அமைந்திருப்பதை விளக்கினார். இப்புடைப்புகளுள் பெரும்பாலானவை அவ்வளையத்தில்தான் தோன்றுகின்றன. எங்கள் பெரியவர் கூறிய ‘எல்லாம்’ என்ற சொல் இங்கேயே உடைந்துவிடுகிறது. உடைவதால் இப்னு ஸீனாவுக்கு யாதொரு குறைவும் இல்லை. தாம் காணாததைக் கண்டதாக அவர் எங்கும் எழுதவில்லை.

உயிருள்ளவரின் தலைக்குள் குருதி கசிந்திருப்பதை அறியும் வழி அதற்குப் பின்னரும் நெடுநாள் இல்லை. 1891இல் குவிங்கே முதுகுத்தண்டில் ஊசியிட்டு நீரெடுக்கும் முறையைத் தந்தார். 1927இல் லிஸ்பனில் மோனிஸ் மூளைத் தமனிகளைப் படம்பிடித்தார். 1937இல் அமெரிக்காவில் டாண்டி, புடைப்பின் கழுத்தில் உலோகக் கவ்வியிட்டு அடைத்தார். நமது மாநிலத்தில் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி 1950இலும் மூளை அறுவைத் துறைகளைத் தொடங்கினர். இந்தியர்களிடம் இத்தமனிப் புடைப்பு அரிதாகவே காணப்படுகிறது என்று 1969இல் இராமமூர்த்தி அமெரிக்க இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை அக்காலத்தில் கவனம் பெற்றது. உண்மையிலேயே அரிதா, அல்லது படம் எடுக்கப்படாமலேயே பலர் அடக்கம் செய்யப்பட்டனரா என்னும் ஐயம் அதன் பின் மருத்துவ உலகில் நீங்காது நின்றது. சி.டி. ஸ்கேன் பரவிய பிறகு நோயாளிகள் மிகுதியாகவே கண்டறியப்படுகின்றனர்.

எங்கள் பகுதிக்கு மருத்துவ வரலாறு புதிதன்று. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி எழுந்ததே ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’. அது வளர்ந்து 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாயிற்று. முதியவர்கள் வாயில் இன்றும் அது கஞ்சித்தொட்டிதான். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், மேற்கு மாதா கோவில் தெருவில், மத்திய அரசின் வட்டார யூனானி மருத்துவ ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஸக்தா, ஃபாலிஜ், ஸஹர் என்னும் அரபுச் சொற்கள் இன்றும் மருத்துவத்தில் வழங்கும் இடம் அது. ஆங்கில மருத்துவமும் யூனானியும் இவ்வளவு அருகருகே நிற்கும் வேறொரு பகுதி சென்னையில் உண்டா என்று நான் வியப்பதுண்டு.

இனி, அந்த மகன் கேட்ட வினாவுக்கு வருவோம். குருதிக்கசிவு விஷயத்தில் கைவிரித்த அல்கானூன், உறக்க விஷயத்தில் என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஸஹர் எனின் உறங்காமை. ஸுபாத் எனின் எழுப்பவியலா ஆழ்துயில்; திருக்குர்ஆனின் அந்நபஃ அத்தியாயத்தில் உறக்கத்தைக் குறிக்க வரும் அதே சொல், துண்டித்தல், ஓய்தல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. இவ்விரண்டுக்கும் பின்னர் இப்னு ஸீனா மூன்றாவதாக ஒன்றைக் கூறுகிறார்: ‘அஸ்ஸுபாதுஸ் ஸஹரீ’, விழிப்புறக்கம். மூளையைப் பற்றும் சூட்டு நோயும் குளிர் நோயும் கலந்து நிற்கும் நிலை அது. நோயாளி ஒருபொழுது துயிலில் அமிழ்ந்தும் ஒருபொழுது துயிலின்றித் தவித்தும் கிடப்பார் என்கிறார். கபம், பித்தம் என்னும் அவரது விளக்கத்தை இன்று எவரும் ஏற்கமாட்டார். ஆனால் உறக்கமும் விழிப்பும் ஒன்றையொன்று விழுங்கிக் கிடக்கும் நோயாளியை அவர் படுக்கையருகே நின்று பார்த்திருக்கிறார். “கண்ணை மூடித்தான் இருக்கிறார், ஆனால் தூங்கவில்லை” என்று இராயபுரத்து மகன் கூறியதற்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெயர் இருந்தது.

அந்நிலையை இன்று அளந்து காட்டும் பொருளின் பெயர் மெலட்டோனின். அது சுரக்கும் இடம் மூளையின் நடுவே, பின்புறமாக அமைந்த அரிசிமணியளவான கூம்புச் சுரப்பி. பைன் மரக் காயின் வடிவிலிருப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது என்று காலன் எழுதினார்; அரபியில் ‘அல்குத்ததுஸ் ஸனவ்பரிய்யா’. மூளையின் அறைகளுக்கிடையே ரூஹின் போக்கை அது கட்டுப்படுத்துகிறது என்று சிலர் கூறியதைக் காலன் மறுத்து, அப்பணியைப் புழுவையொத்த வேறோர் உறுப்புக்கு அளித்தார். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பஃலபக்கைச் சேர்ந்த கிறிஸ்தவ அறிஞர் குஸ்தா இப்னு லூகா இதை விரிவாக்கினார். நினைவுகூர விரும்புவோர் தலையை உயர்த்துகின்றனர், அப்போது அப்புழு எழுந்து பாதை திறக்கிறது. சிந்திப்போர் தலை குனிகின்றனர், அப்போது பாதை மூடுகிறது என்றார். ஓதியதை மறந்து முகட்டைப் பார்க்கும் ஹிஃப்ளு மாணவர்களைக் காணும்போதெல்லாம் குஸ்தா என் நினைவுக்கு வருவார்! இடைக்கால ஐரோப்பாவில் புழுவுக்குரிய வேலையும் கூம்பின் பெயரும் கலந்து குழம்பின. 17ஆம் நூற்றாண்டில் டெக்கார்ட் அக்கூம்பையே ஆன்மாவின் தலைமை இருக்கை ஆக்கினார்.

உண்மையான வேலை வெளிப்பட்டது எதிர்பாராத ஒரு வழியில். மாட்டின் கூம்புச் சுரப்பிச் சாற்றை ஊட்டினால் தலைப்பிரட்டைகளின் தோல் வெளுக்கிறது என்று 1917இல் மெக்கார்டும் ஆலனும் கண்டிருந்தனர். யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆரோன் லெர்னர், வெண்படை நோய்க்கு அதில் வழி கிடைக்குமா என்று தேடி, இலட்சக்கணக்கில் மாட்டுச் சுரப்பிகளைத் திரட்டி, 1958இல் அச்சாற்றின் சாரத்தைப் பிரித்தெடுத்தார். யூனானியார் ‘பரஸ்’ என்று அழைக்கும் அந்நோய்க்கு மெலட்டோனின் மருந்தாகவில்லை. ஆனால் இரவின் தூதர் அகப்பட்டார். அந்தி சாய்ந்தபின் அதன் அளவு உயர்ந்து, பின்னிரவு 2 மணி முதல் 4 மணிக்குள் உச்சம் தொட்டு, விடியலில் தாழ்கிறது. கூரிய வெளிச்சம் பட்டால் மனிதரிடமும் அது ஒடுங்கிவிடுகிறது என்று 1980இல் மெய்ப்பிக்கப்பட்டது. துறைமுகத்தின் விளக்கொளியில் இருபதாண்டுகள் இரவைக் கழித்த ஒருவரின் உடலில் அத்தூதர் எவ்வளவு அலைக்கழிந்திருப்பார் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

கண்ணில் படும் ஒளி, அச்சுரப்பிக்கு நேர்வழியில் செல்வதில்லை. கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலேயுள்ள ஓர் அணுக்கூட்டமே உடலின் கடிகாரம். செய்தி அங்கிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கி, கழுத்து நரம்பு முடிச்சுக்குச் சென்று, தமனிகளைப் பற்றிக்கொண்டு மறுபடி தலைக்குள் ஏறிச் சுரப்பியை அடைகிறது. இந்நோயில் குருதி தேங்குவது பெரும்பாலும் அக்கடிகாரத்தின் அடிவாரத்தில்தான். கடிகாரம் குருதியில் நனைகிறது. தலைக்குள் அழுத்தம் கூடுகிறது. இவற்றோடு சிகிச்சையும் தன் பங்குக்கு இரவைக் குலைக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் விளக்கு அணைவதில்லை; கருவிகளின் ஓசை ஓய்வதில்லை; நினைவு இருக்கிறதா என்று மணிக்கொருமுறை தட்டி எழுப்பிக் கண்ணில் ஒளி பாய்ச்சுகின்றனர். கசிவுக்குப் பின் சில நாள்களில் தமனிகள் சுருங்கி மூளை வாடும் அபாயத்தைத் தடுக்க நிமோடிபின் என்னும் மருந்தை 21 நாள்கள், நான்கு மணிக்கொருமுறை, இரவிலும் தவறாது கொடுத்தாக வேண்டும். இதயப் படபடப்பைத் தணிக்கத் தரும் பீட்டா தடுப்பு மருந்துகளோ மெலட்டோனின் சுரப்பையே குறைப்பவை. உயிரைக் காக்க இவையெல்லாம் தேவை. ஆயினும் விலை ஒன்று கொடுக்கப்படுகிறது.

தீவிர சிகிச்சையில் இருப்போரின் குருதியிலும் சிறுநீரிலும் மெலட்டோனினை அளந்தவர்கள், இரவு உயர்வு மட்டுப்படுவதையும் நேரம் பிறழ்வதையும் கண்டுள்ளனர். மூளை பாதிக்கப்பட்டோரிடமும் இதுவே காணப்பட்டது. குருதிக்கசிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு மெலட்டோனினை மிகுந்த அளவில் கொடுத்தபோது மூளை வீக்கமும் இறப்பும் குறைந்ததாக ஆய்வுகள் உள்ளன. மனிதருக்கு அது இந்நோயின் மருந்து என்று நிறுவப்படவில்லை. ஆதலின், மருந்துக்கடையில் தாமே வாங்கிக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்ட மகனை மருத்துவரிடமே அனுப்பினேன். இரவில் விளக்கைத் தாழ்த்துதல், கண்மறைப்பும் காதடைப்பும் தருதல், பகலில் சூரிய ஒளி படும்படி அமர்த்துதல் ஆகிய எளிய முறைகளைப் பல மருத்துவமனைகள் இன்று கைக்கொள்கின்றன. எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் கட்டி முடித்த மருத்துவமனையில் நோயாளிகளுக்கு இசை கேட்பிக்கப்பட்டதையும் நீரூற்றின் ஓசை நிறைந்திருந்ததையும் பயணி எவ்லியா செலபி எழுதியிருப்பதை இங்கு நினைவுகூரலாம்.

அல்கானூனின் ஸக்தா பகுதியில் வேறொரு செய்தியும் உண்டு. என் பார்வையில் அந்த இயலின் கனமான செய்தி அதுவே. ஸக்தா கண்டவர் சிலரிடம் மூச்சும் நாடியும் புலப்படாமல் இறந்தவர் போலவே கிடந்து, பின்னர் பிழைத்தெழுந்ததைத் தாம் கண்டதாக இப்னு ஸீனா கூறுகிறார். எனவே ஐயத்துக்குரிய மரணங்களில் நிலை தெளியும்வரை, 72 மணிநேரத்துக்குக் குறையாமல், அடக்கத்தைத் தள்ளிவைக்குமாறு அறிவுறுத்துகிறார். ஜனாஸாவை விரைவுபடுத்துவதை வலியுறுத்தும் ஒரு சமுதாயத்தின் நடுவிலிருந்து அவர் இதை எழுதினார் என்பதைக் கருதுக.

ஃபிக்ஹு நூல்கள் இதற்கு மாறுபடவில்லை. மரணம் உறுதியானால்தான் விரைவு என்பது சட்டம். நோய் எதுவுமின்றித் திடீரென ஒருவர் வீழ்ந்து, ஸக்தாவாக இருக்கலாம் என்று ஐயம் எழுந்தால், உடலில் மாற்றம் தோன்றி உறுதியாகும்வரை பொறுக்க வேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) போன்ற ஷாஃபிஈ மத்ஹபு அறிஞர்கள் எழுதினர். மருத்துவரின் ‘ஸக்தா’ என்ற சொல்லே சட்ட நூலிலும் இடம்பெற்றிருப்பதைப் பாடம் நடத்தும்போது பலமுறை கடந்து சென்றிருக்கிறேன். அதன் முழுப் பொருள் அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில்தான் எனக்கு விளங்கிற்று.

ஏனெனில் அடுத்த படுக்கையில் அதே நோயில் கிடந்த ஓர் இளைஞருக்கு மூளைச்சாவு என்று அறிவிக்கப்பட்டது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடல் சுடுகிறது. மௌத்து என்பதா என்று அவருடைய வீட்டார் தவித்தனர். 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, மூளையின் இயக்கங்கள் அனைத்தும் முற்றாக நின்று, மீளாது என்று வல்லுநர் மருத்துவர்கள் உறுதிசெய்தால் அதை மரணமாகக் கொள்ளலாம் என்று தீர்மானித்தது. அடுத்த ஆண்டு மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம், சுவாசக் கருவியை அகற்ற இசைந்ததே தவிர, இதயமும் மூச்சும் நின்ற பிறகே சட்டப்படியான மரணம் என்றது. நமது நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, உறுப்புக் கொடைக்கான மூளைத்தண்டுச் சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணிநேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். அந்த இரண்டாம் சோதனையை ஒரு சடங்கென்று வீட்டார் எண்ணினர். இப்னு ஸீனா 72 மணிநேரம் கேட்டது எதற்காகவோ அதற்காகவே இதுவும் என்று நான் அவர்களுக்கு எடுத்துரைத்தேன். கருவி பெருகியதால் காலம் சுருங்கியது. ஐயம் நீங்கும்வரை பொறுத்தல் என்னும் விதி அப்படியே நிற்கிறது. எம்மன்றத்தின் கருத்தைப் பின்பற்றுவது என்பதை அவர்கள் தம் மஹல்லா ஆலிமைக் கலந்து முடிவுசெய்தனர்.

எங்கள் மஹல்லாவாசி ஏழு வாரங்களில் வீடு திரும்பினார். இரவுப் பணி அத்தோடு முடிந்தது. காலையில் வெயில் படும் திண்ணையில் அமரவைத்தும், இஷாவுக்குப் பின் விளக்கணைத்தும் வீட்டார் பார்த்துக்கொண்டனர். நான்காம் மாதத்தில் ஒருநாள் ஃபஜ்ருக்குப் பள்ளிவாசலுக்கு வந்தவர், என் அருகில் அமர்ந்து, “ஹஜ்ரத், நேற்று பாங்கு சொல்லித்தான் முழித்தேன்” என்றார்.